தரை தொடாத திரைச்சீலை

கார் ஷெட் என்ற பெயர் மட்டும்தான் பாக்கி. இரும்பு ஷட்டர் போய்விட்டது. அது இருந்த இடத்தில் பாதி சுவரும் மீதி ஜன்னலுமாக எழும்பி நிற்கிறது. தண்ணீர் ஓடுவதற்காக வெளிப்பக்கம் சரிந்திருந்த தரையை மேடாக்கி, வீட்டுத் தரையோடு சமமாக்கி, மேலே டைல்ஸும் பதித்தாயிற்று. கார் நின்ற இடத்தில் கறுப்பாகப் படிந்திருந்த எண்ணெய்க் கறை அந்த டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது.

அந்தக் கறை மறைந்த அன்று, ஊருக்கே திரைச்சீலை தைக்கும் கர்ட்டன்காரம்மா சாப்பிடாமல் படுத்ததும், கேட்டவர்களிடம் தலைவலி என்று சொன்னதும் நமக்குத் தெரியும். நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஷெட் அது. ஒரு விடிகாலையில் அங்கிருந்து புறப்பட்ட கார் திரும்பவில்லை. அதில் போன அவள் கணவரும் திரும்பவில்லை. சாவியை அவள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போட்டுவைத்தாள். கண்ணில் படக் கூடாது, தொலைந்தும் போகக் கூடாது. அப்படி ஓர் இடம் வேண்டியிருந்தது.

மகன்தான் மெல்ல மெல்லப் பேசிக் கரைத்தான்.

"எத்தனை நாளைக்கும்மா சமையலறை நடையில மெஷினைப் போட்டுக்கிட்டு முதுகை ஒடிச்சுக்குவே? அந்த இடத்தை உனக்கு ஒரு தையல் ரூமா மாத்தித் தர்றேன். வெளிச்சமா, காத்தோட்டமா."

மகனை வீட்டில் எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடி வாண்டு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அவன் விசில் ஊதினால் மைதானமே அப்படியே நிற்கும். சின்ன வயதில் அவனுடைய சித்தப்பா வைத்த பெயர் அது. ஆள் வளர்ந்தான், பெயர் வளரவில்லை.

அவன் கேட்டு அவள் இல்லை என்று சொன்னதில்லை. சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

இன்று காலை எலக்ட்ரீசியன் சுவிட்சுப் பெட்டிகளைப் பதித்துக்கொண்டிருந்தபோது அவள் டீயோடு உள்ளே போனாள்.

எலக்ட்ரீசியனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவிட்சின் உயரத்துக்கு அவர் அளவுநாடாவைத் தொடமாட்டார். "ரூம்ல யார் இருக்கப் போறாங்களோ அவங்க கை எங்க போகுதோ அங்கதான் சுவிட்சு" என்பார். போன வாரம் அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, "இருட்டுல லைட்டைத் தேடுங்க பார்க்கலாம்" என்றார். அவள் கையை நீட்டிய இடத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் நின்ற மருமகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். அந்த ஷெட்டில் யாராவது சிரித்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

இன்று அந்த நீலக் கோடு அப்படியே இருந்தது. பெட்டிகள் மட்டும் அவளுடைய இடுப்பளவில் இருந்தன.

"என்னங்க இது, குழந்தைங்க ஸ்கூல் மாதிரி இவ்வளவு கீழே வெச்சிருக்கீங்க?"

"நான் வெப்பேனா? சார்தான் மாத்தச் சொன்னாரு. உட்கார்ந்த வாக்குல கை எட்டணுமாம். ப்ளக் பாயிண்ட்டை மேலே ஏத்தச் சொன்னாரு, சுவிட்சை கீழே இறக்கச் சொன்னாரு. எல்லாம் ஒரே வரிசையில நிக்குது, ரயில் பெட்டி கணக்கா." டீயை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். "உங்களுக்கு வசதிதானேம்மா. மெஷினை விட்டு எழுந்திருக்காமலே லைட்டைப் போடலாம், ஃபேனைப் போடலாம். இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இப்படியெல்லாம் யோசிக்குது? என் பிள்ளை நான் பல்பு மாட்ட ஏணியில ஏறினா ஏணியைக்கூடப் பிடிக்க மாட்டான்."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மூலையில் புதிதாகக் கட்டிய குளியலறையை எட்டிப் பார்த்தாள். சுவரில் பளபளவென்று இரண்டு பிடிகம்பிகள். கைகழுவும் தொட்டிக்குக் கீழே தாங்கு தூண் இல்லாமல் வெறுமையாக இருந்தது. என் முட்டி வலியைக்கூட நினைவில் வைத்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டாள்.

மனிதர்கள் ஏமாறுகிற நேரத்தில் முகத்தில் ஒரு தனி வெளிச்சம் இருக்கும். அது அவள் முகத்தில் இருந்தது.

எலக்ட்ரீசியன் போனதும் திரைச்சீலையைக் கொண்டுவந்து மாட்டினாள். அவளே தைத்தது. சாம்பல் கலந்த நீலம், கனமான துணி. ஊரில் பாதி ஜன்னலுக்கு அவள்தான் திரை தைத்திருக்கிறாள். தன் ஜன்னலுக்கு இப்போதுதான் தைத்தாள். ஒரே ஒரு குறை. மருமகள் பிடிவாதம் பிடித்து, கீழ் மடிப்பை நாலு விரல் தூக்கித் தைக்க வைத்துவிட்டாள்.

"தரையைத் தொடாத திரை, வளர்ந்த பையன் போன வருஷத்து பேன்ட்டைப் போட்ட மாதிரி இருக்கும்டி" என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"தூசி படியும் அத்தை. காலில் சிக்கும். எனக்காகத் தூக்கிடுங்க."

வாடிக்கையாளர் கேட்டிருந்தால் வேறு கடையைப் பாருங்கள் என்றிருப்பாள். கேட்டது மருமகள். தூக்கித் தைத்தாள்.

திரையை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது.

இரண்டு பேர் இறங்கினார்கள். மீசை வைத்தவன் கேட்டான். "சார் இல்லீங்களா? ஹோம்லேர்ந்து வர்றோம். நாளைக்குத்தான் கொண்டு வரச் சொன்னாரு. நாளைக்கு வண்டிக்கு வேற லோடு. அதான் இன்னிக்கே இறக்கிடலாம்னு."

"எந்த ஹோம்? என்ன சாமான்?"

"நடக்க முடியாதவங்களை வெச்சுப் பார்த்துக்கற ஹோம்தாம்மா. அதை மூடறாங்கல்ல? எல்லாரையும் அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பறாங்க. உங்க வீட்டு ஆளு நாளைக்குக் காலையில வந்துடுவாரு. கட்டிலும் ஒரு பெட்டியும் முன்னாடி வந்துடுச்சு."

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லையே. விலாசம் மாறி வந்துட்டீங்க."

மீசைக்காரன் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். "இதேதாம்மா. கார் ஷெட்டை ரூமா மாத்தியிருக்கு, படி கிடையாது, கதவு அகலமா இருக்கும்னு சார் சொன்னாரு. எல்லாம் சரியா இருக்குதே."

அவள் வழிவிட்டாளா, அவர்களே ஒதுங்கிப் போனார்களா, அவளுக்குத் தெரியாது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் இரும்புக் கட்டில் உள்ளே போனது. தையல் மெஷின் வரவேண்டிய ஜன்னலோரத்தில் அதைப் போட்டார்கள். அட்டைப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெட்டி மூடியிருக்கவில்லை. மேலாக ஒரு சதுரங்கப் பலகை. காய்கள் ஒரு கண்ணாடிப் பாட்டிலில். வெள்ளைக் காய்களுக்கு நடுவே ஒரு துருப்பிடித்த நட்டு.

தொலைந்துபோன வெள்ளைக் குதிரைக்குப் பதிலாகக் காரிலிருந்து கழற்றிய நட்டு அது. அவள் கணவர் வைத்தது. "இது எங்க இரும்புக் குதிரை" என்று சொல்லிச் சொல்லி, அண்ணனும் தம்பியும் இதே ஷெட்டில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு விளையாடுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தொண்டை வறண்டுபோகும்.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். சுவிட்சு விரலில் பட்டது.

திரையின் கீழ் மடிப்பைப் பார்த்தாள். தூசிக்காக இல்லை. சக்கரத்தில் சிக்காமல் இருக்க. பிடிகம்பி அவள் முட்டிக்காக இல்லை. தூணில்லாத தொட்டி, சக்கர நாற்காலி அடியில் நுழைய. தரையைச் சமமாக்கியது அவள் மெஷினை உருட்ட இல்லை.

வருவது அவளுடைய கொழுந்தன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான்தான் ஓட்டினேன் அண்ணி. அண்ணன் பக்கத்து சீட்ல தூங்கிட்டிருந்தார். நானும் கண் அசந்துட்டேன்." பக்கத்தில் அவள் நாத்தனாரும் நின்றாள். வெளியே வந்ததும் நாத்தனார் அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "போனவன் போயிட்டான். இவன் ஓட்டினான்னு சொன்னா இந்த நிலைமையில உள்ளே வெச்சிடுவாங்க. போனவனே ஓட்டினான்னு இருக்கட்டும். செத்தவனை யார் என்ன பண்ணப் போறாங்க? பையன்கிட்டேயும் சொல்லாதே. வாய் தவறும்."

அவள் தலையாட்டினாள். கணவரை எரித்து முழுதாக ஒரு நாள்கூட ஆகாத நேரத்தில் எதற்குத்தான் தலையாட்டமாட்டோம்? பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவர் என் கண்ணுல படக் கூடாது. இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது."

அன்றிலிருந்து ஊர் பேசியது. பொறுப்பில்லாமல் ஓட்டித் தானும் போய், தம்பியையும் முடமாக்கிய மனுஷன் என்று. ஒரு தடவைகூட வேகமாகப் பிரேக் போடாத மனிதரைப் பற்றி. அவள் கேட்டுக்கொண்டாள். நாத்தனாரும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருவன் நாளைக்கு இதில் படுக்க வருகிறான்.

மருமகள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள், "அத்தை, ரசம் சுட வெக்கட்டுமா?" என்று கேட்டபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலைக் கண்டதும் பையைத் தரையில் வைத்தாள். பிறகு அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மறுபடியும் வைத்தாள்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"அத்தை, முதல்ல நீங்க சாப்பிடுங்க."

"ஊர்ல இருக்கறவங்க வாயை எல்லாம் திறக்க வெக்கறவ நீ. உன் வாயை மட்டும் எப்படிடி இத்தனை நாள் இறுக்கி வெச்சிருந்தே?"

மருமகள் சுவரில் சாய்ந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். என்னைக் கட்டிக்கப் போறேன்னு அவர் முதல்ல கூட்டிட்டுப் போய்க் காட்டினது உங்ககிட்ட இல்ல அத்தை. சித்தப்பாகிட்ட."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகு அவளுக்கே அது புரிந்தது.

"அவர் பாவம் அத்தை. யாருமே இல்லை. ஹோமையும் மூடறாங்க. எங்க போவாரு? உங்ககிட்ட கேட்டா முடியாதுன்னுதான் சொல்லுவீங்க. வந்து ஒரு வாரம் இருந்துட்டா உங்க மனசே மாறிடும்னு இவர் சொன்னாரு. நீங்க வெளியே போன்னு யாரையும் சொல்ல மாட்டீங்கன்னு."

"என் நல்ல குணத்தை வெச்சே எனக்குக் குழி வெட்டியிருக்கீங்க."

"அவர் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாரு? உயிரோட பிழைச்சதுதான் தப்பா?" மருமகளின் கண் கலங்கியிருந்தது. "மாமா போயிட்டார், இவர் இருக்காரேன்னு கோபம். அதுதானே? அதுக்கு அவர் என்ன பண்ண முடியும்?"

இவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைத்திருக்கிறார்கள் என்பது கர்ட்டன்காரம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிழைத்தவனைப் பார்க்கச் சகிக்காத வயிற்றெரிச்சல்காரி. இத்தனை வருஷமும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் மனதில் அவளுக்கு இருந்த பெயர் அதுதான்.

ஸ்டூலில் ஏறித் திரையைக் கழற்றினாள். நடைக்குக் கொண்டுபோய், மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, பிளேடால் கீழ் மடிப்பைப் பிரிக்கத் தொடங்கினாள். மருமகள் சற்றுநேரம் நின்று பார்த்தாள். சாப்பிடாமலே வேலைக்குத் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் வாண்டு வந்தபோது திரை மறுபடியும் ஜன்னலில் தொங்கியது. இந்த முறை தரையைத் தொட்டுக்கொண்டு. முன்னாலேயே வந்துவிட்ட மருமகள் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் அம்மா. வாண்டு திரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான்.

"சொல்லணும்னுதான்மா இருந்தேன்."

"எப்போ? அந்த நாற்காலி உள்ளே வந்து நின்னதுக்கப்புறமா?"

"அம்மா..."

"ஞாயித்துக்கிழமை ஆனா மேட்ச்னு கிளம்பிப் போவியே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மேட்ச் இல்லம்மா."

"அதான் தெரியுதே. ஷூவுல மண்ணே இல்லாம எந்த மைதானத்துல விளையாடறானோன்னு நினைப்பேன். துண்டும் தண்ணியும் எடுத்து வெச்சு அனுப்புவேன். திரும்பி வந்ததும் யாரு ஜெயிச்சாங்கன்னு கேப்பேன். நீயும் சொல்லுவே."

"அது பொய் இல்லம்மா. செஸ்ல யாரு ஜெயிச்சாங்களோ அதைத்தான் சொன்னேன்."

வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். பாத்திரச் சத்தம் நின்றுபோனது. மருமகள் கதவோரம் வந்து நின்றாள்.

"தையல் ரூம்னு சொன்னே. இந்த ஷெட்டைத் திறக்க எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் கையாலேயே சாவியைக் கொடுக்க வெச்சே. என் கையாலேயே அவனுக்குத் திரையும் தைக்க வெச்சே."

"வேற வழி தெரியலம்மா." அவன் அவள் காலருகே தரையில் உட்கார்ந்தான். "வண்டியை ஓட்டினது அப்பா. அப்பா கண் அசந்ததாலதானே அவருக்கு இந்தக் கதி? அப்பா இருந்திருந்தா அவரைத் தோள்ல தூக்கி வெச்சுப் பார்த்திருப்பாரு. அப்பா இல்ல, அதனால நான் செய்யறேன். இது தப்பா? ஒவ்வொரு வாரமும் போய் அப்பா சார்பா மன்னிப்புக் கேட்டிருக்கேன்மா."

"என்ன சொல்லுவான்?"

"யாரு?"

"நீ மன்னிப்புக் கேக்கறப்ப அவன் என்ன சொல்லுவான்?"

"என் தலையில கையை வெச்சு, 'விடுடா, உங்கப்பன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எப்பவோ மன்னிச்சுட்டேன்'னு சொல்லுவாரு. அவ்வளவு பெரிய மனசும்மா அவருக்கு."

கர்ட்டன்காரம்மா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

மகன் ஏமாற்றியது வலித்தது. மருமகள் மறைத்தது வலித்தது. ஆனால் அதெல்லாம் காலையிலிருந்து பட்ட அடி. இது வேறு. செத்த மனிதர்மேல் பழியை இறக்கிவைக்க அவள் சம்மதித்தாள், சரி. கொழுந்தன் அந்தப் பழியையே காட்டி, அந்த மனிதரின் மகனை வாராவாரம் மண்டியிட வைத்து, தலையில் கையும் வைத்திருக்கிறான். மன்னித்தானாம்.

இப்போது அவள் வாயைத் திறந்து சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தாள். நான்கு வருஷம் வாயை மூடியிருந்துவிட்டு, கொழுந்தன் வரப்போகிறான் என்று தெரிந்த அன்றைக்குச் சொன்னால், நம்புவானா? கோபத்தில் அம்மா கதை கட்டுகிறாள் என்பான். அவள் கணவர் இன்னொரு முறை குற்றவாளியாவார், அதுவும் அவருடைய மகன் முன்னாலேயே.

"போனை எடு" என்றாள். "அவரைக் கூப்பிடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடு."

"அம்மா, சண்டை வேண்டாம்மா. அவர் உடம்பு தாங்காது."

"சண்டை போட மாட்டேன். உங்கப்பா மேல ஆணை."

அவன் தயங்கித் தயங்கி எண்ணை அழுத்தினான். அவள் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். மணி அடித்தது. எடுத்த குரல் உற்சாகமாக வந்தது.

"என்னடா வாண்டு, கட்டில் போய்ச் சேர்ந்துடுச்சாமே! உங்கம்மா கண்ணுல படாம பார்த்துக்கிட்டியா?"

அந்தக் குரலில் பாதி அவள் கணவருடையது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. நான்கு வருஷத்தில் மறந்தே போயிருந்தாள்.

"நான்தான் பேசறேன், தம்பி."

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "அண்ணி... நல்லா இருக்கீங்களா அண்ணி?"

"இருக்கேன். ரூம் முடிஞ்சிடுச்சு. கட்டிலும் வந்தாச்சு. நாளைக்கு நீங்க வரலாம். நான் தடுக்க மாட்டேன்."

வாண்டு நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, நான் எப்படி உங்களுக்கு..."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அன்னிக்கு வண்டியை ஓட்டினது யாரு?"

"என்னம்மா இது?" வாண்டு முகத்தைச் சுளித்தான். "இதெல்லாம் இப்ப போய் அவர்கிட்ட... எத்தனை தடவை சொன்ன கதை இது."

அவள் போனை நீட்டிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். எங்கோ ஓர் அறையில் மின்விசிறி சுற்றுவது அதில் கேட்டது. எத்தனையோ தடவை சொன்ன கதை, இந்தத் தடவை மட்டும் வர மறுத்தது. வாண்டின் நெற்றியில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக விலகியது. அது இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது.

கடைசியில் குரல் வந்தது. மிகத் தாழ்வாக, ரகசியம் பேசுகிறவனின் குரலில்.

"அண்ணி... அவன் பக்கத்துல இருக்கானா?"

கர்ட்டன்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கையிலிருந்த போனை நோக்கி வாண்டு மெதுவாகக் குனிந்தான்.

"இங்கதான் இருக்கேன், சித்தப்பா. சொல்லுங்க."